பூட்டி வந்த போன்

பெட்டியின் பின்பக்கம், இரண்டாவது வரி, கடைசி எழுத்து எஃப் ஆக இருக்க வேண்டும், எல் என்றிருந்தால் வாங்கக் கூடாது. மங்கை துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவளின் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் பக்கத்து எழுத்தைத் தொடாமல் நிமிர்ந்து நிற்கிறது. எஃப்பைச் சுற்றி ஒரு வட்டம், வட்டத்துக்கு அடியில் இரண்டு கோடு. வண்ணார்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து அந்த இரண்டாவது கோட்டைத்தான் யோசித்துக்கொண்டு வருகிறேன். ஒரு கோடு போதாதா. நான் மறந்துவிடுவேன் என்று நினைத்தாளா, இல்லை எனக்கு இதில் அக்கறை கிடையாது என்று நினைத்தாளா. நில அளவை அலுவலகத்தில் பதினெட்டு வருஷமாக வரைவாளராக இருக்கிறேன். கோடு ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போனால் ஒருத்தனுடைய கிணறு இன்னொருத்தனுடைய வயலுக்குள் போய்விடும். அந்த வேலையைச் செய்கிறவனுக்கு ஒரு எழுத்தைப் பார்த்து வாங்கத் தெரியாதா. கடைக்குள் ஏசி குளிர், முதுகில் வியர்வை காயக் காயச் சட்டை விறைக்கிறது. சனிக்கிழமை, எனக்கு லீவு, அவளுக்கு ஐந்து மணி வரை ஸ்பெஷல் கிளாஸ். "ஏங்க, நாலு மணி வரைக்கும்தான் எடுத்து வச்சிருப்பாங்களாம், ஒரு எட்டு போயிட்டு வந்துருங்களேன்" என்றாள் காலையில், செருப்பை மாட்டிக்கொண்டே. கெஞ்சலும் இல்லை, உத்தரவும் இல்லை, நடுவில் ஒரு குரல். அந்தக் குரலில் அவள் என்னிடம் எதையும் கேட்டு நாளாகிவிட்டது. அது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. போனுக்காகத்தான் அந்தக் குரல் என்று தெரு முனை தாண்டிய பிறகுதான் உறைத்தது.

பழைய போனின் பேட்டரி வியாழக்கிழமை உப்பிவிட்டது. மேஜை மேல் வைத்திருந்தது தானாக ஆடியது, பின்மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அவள் அதை ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் மணல் போட்டு உள்ளே வைத்து மொட்டைமாடியில் கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வரும்போது முகத்தைப் புடவையில் துடைத்தாள். ஆறு வருஷத்துப் போன். அதற்குள் கம்பெனி வைத்து அனுப்பியது எதுவும் மிச்சமில்லை, எல்லாவற்றையும் அவள் பிடுங்கிப் போட்டுவிட்டு வேறொன்றை ஏற்றியிருந்தாள். முதலில் அது எனக்குப் புரியவில்லை. "வீடு வாங்குறோம், பழைய ஆள் அடிச்ச பெயின்ட்லயேவா இருப்போம்" என்று சொல்லித் தந்தாள். போனுக்கு உள்ளே ஒரு பூட்டு உண்டு, பூட்லோடர் என்று பெயர், சில கம்பெனிகள் அதைத் திறக்க அனுமதிக்கும், சிலது அனுமதிக்காது. திறந்துவிட்டால் உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் சம்பளமில்லாமல் எழுதி வைத்திருக்கிற மென்பொருளை இறக்கி ஏற்றிக்கொள்ளலாம், ரோம் என்று சொல்வார்கள், பிடிக்காததை மாற்றலாம், பிடித்ததைச் சேர்க்கலாம். அவள் தமிழ் எழுத்து எந்தச் சின்ன அளவிலும் உடையாமல் தெரிகிற மாதிரி ஒன்றைச் செய்து சேர்த்தாள். விளம்பரம் வராது. தேவையில்லாத ஒரு பொத்தான் இருக்காது. புதிதாக ஏற்றியதும் போன் முதல் தடவை எழுந்து வரக் கொஞ்ச நேரம் ஆகும், சில சமயம் எழுந்தே வராது, செத்த மாதிரி கிடக்கும். அந்த நேரத்தில் அவளைப் பார்க்க வேண்டும். நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து, இரண்டு கையையும் கன்னத்தில் வைத்து, திரையில் சுழல்கிற சின்ன வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். உதடு லேசாகத் திறந்திருக்கும். நான் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது அவள் கட்டில் பக்கத்தில்தான் இருந்தாள், அழுதுகூட இருந்தாள், ஆனால் அந்த முகம் இல்லை. நான் எத்தனையோ முறை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு மனுஷன் போன் மேல் பொறாமைப்படுவானா. பட்டேன். சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் வேறு எதையாவது சொன்னேன், சாம்பாரில் உப்பு இல்லை என்றேன், கரன்ட் பில் கூடுதே என்றேன்.

போன் மேல் பட்ட பொறாமைக்கு ஆள் கிடைத்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். டெரன்ஸ். தூத்துக்குடிக்காரன், கப்பல் சரக்கு ஆபீஸ் ஒன்றில் வேலை. அவளைப் போலவே போனைப் பிரித்து மேய்கிறவர்களின் குழு ஒன்று இருக்கிறது, நானூறு பேர், அதில் ஒருவன். நானூறு பேரில் மூன்று மாதத்துக்குள் ஒரு பெயர் மட்டும் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. டெரன்ஸ் சொன்னாரு. டெரன்ஸ் போன்ல அது ஓடுதாம். டெரன்ஸ் கண்டுபிடிச்சிட்டாரு. தோசை வார்க்கும்போது அந்தப் பெயர், கொடியில் துணி எடுக்கும்போது அந்தப் பெயர், கயத்தாற்றில் வாலிபால் முகாமுக்குப் போயிருக்கிற மகளிடம் பேசும்போதுகூட "டெரன்ஸ் அங்கிள் ஒரு புது கீபோர்டு அனுப்பியிருக்காரு" என்று அந்தப் பெயர். இரண்டு பேரும் நேரில் பார்த்ததில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். நேரில் பார்க்காத ஒருவனோடு இவ்வளவு பேச முடியும் என்றால் பார்த்தால் எவ்வளவு பேசுவாள் என்றுதான் என் புத்தி போயிற்று. ஒருநாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது போனை எடுத்துப் பார்த்தேன். பூட்டே கிடையாது, போனுக்கும் இல்லை, அந்த உரையாடலுக்கும் இல்லை. மேலே தள்ளத் தள்ள எண்கள், புள்ளிகள், குறிகள், என் வாழ்நாளில் பார்த்திராத வார்த்தைகள், நடுநடுவே "வேலை செய்யுது", "செய்யல", "மறுபடி பாருங்க". நில வரைபடத்தில் திருட்டுத்தனமாகத் தள்ளிப் போட்ட கோட்டைத் தேடுகிறவன் மாதிரி தேடினேன். ஒரே ஒரு வரி கிடைத்தது. "மேடம், நீங்க ஒரு ஆள் போதும்." அவள் அதற்குப் பதிலாக ஒரு சிரிக்கிற மஞ்சள் முகம் போட்டிருந்தாள். அவ்வளவுதான். எதற்குப் போதும். எதைச் செய்ய ஒரு ஆள் போதும். மேலேயும் கீழேயும் படித்தால் கேமரா சரியாக ஓடாததைப் பற்றித்தான் பேச்சு, அது எனக்கும் தெரிகிறது, தெரிந்தும் அந்த வரி மட்டும் பல்லிடுக்கில் சிக்கின நார் மாதிரி அப்படியே நிற்கிறது, நாக்கு அங்கேயே போகிறது. கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் நான் அவளிடம் நீ ஒரு ஆள் போதும் என்று சொன்னதில்லை. சொல்லாமல் நினைத்திருக்கிறேனா. அதுவும் ஞாபகமில்லை.

"சார், மங்கையர்க்கரசி மேடம் பேர்ல புக் பண்ணதுதானே?" கடைப் பெண் பெட்டியோடு வந்து நிற்கிறாள். சட்டையில் குத்தியிருக்கிற அட்டையில் செல்வராணி என்று இருக்கிறது. பெட்டியைத் திருப்பி அவளே காட்டுகிறாள், இரண்டாவது வரி, கடைசி எழுத்து. "எஃப் சார். மேடம் நாலு தடவ போன் போட்டுட்டாங்க, எஃப்தானே எஃப்தானேன்னு." நாலு தடவை. பள்ளிக்கூடத்தில் ஓய்வு வேளையில் யாருடைய போனையாவது கடன் வாங்கித்தான் கூப்பிட்டிருப்பாள். எனக்கு ஆபரேஷன் தேதி குறித்தபோது டாக்டருக்கு ஒரு தடவை போன் போட்டாள். பெட்டியைக் கையில் வாங்கினேன், கனமே இல்லை. இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் இன்று சாயங்காலமே பூட்டைத் திறப்பாள், நாளைக்கு முழுக்க டெரன்ஸ், திங்கட்கிழமை டெரன்ஸ், டெரன்சிடமும் இதே போன்தான் இருக்கிறது, அவன் சொல்லித்தான் இதைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள், ஒரே மாதிரி இரண்டு போன், இங்கே ஒன்று தூத்துக்குடியில் ஒன்று, இவள் செய்ததை அவன் ஏற்றிப் பார்ப்பான், அவன் செய்ததை இவள் ஏற்றிப் பார்ப்பாள். எனக்கு அது ஒரே தட்டில் சாப்பிடுகிற மாதிரி தெரிந்தது. "அந்த எல்லுங்கறது எப்படி இருக்கும்மா?" என்று கேட்டுவிட்டேன். சும்மாதான் கேட்டேன். அப்படித்தான் அந்த நிமிஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். செல்வராணி கண்ணாடி மேஜைக்குள்ளிருந்து இன்னொரு பெட்டியை எடுத்தாள். அதே நிறம், அதே படம், அதே விலை. "பாக்க ரெண்டும் ஒண்ணுதான் சார். இதுல கேமரா இன்னும் நல்லாருக்கும், ஃபேமிலிக்கெல்லாம் இதுதான் எடுப்பாங்க. ஆனா இதுல பூட்டு திறக்க முடியாது சார், கம்பெனியே அடைச்சுதான் அனுப்புது. அத நோண்டுற பசங்க எல்லாம் எஃப்தான் கேப்பாங்க. மேடமும் அதுக்குத்தானே கேட்டாங்க?" நான் தலையாட்டினேன். கேமரா நல்லாருக்கும். அந்த வார்த்தை எனக்கு ஒரு கைப்பிடி மாதிரி கிடைத்தது. மகள் விளையாடுகிறதைப் படம் எடுக்கலாம். நாம் மூன்று பேரும் எங்கேயாவது போனால் எடுக்கலாம். குடும்பத்துக்கு எல்லாம் இதுதான் எடுப்பாங்க.

"இதையே போட்டுருங்க" என்றேன். "சார், எல் மாடலா?" "ஆமா." "சார், சீல் உடைச்சா மாத்த மாட்டாங்க, மேடம்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்களேன்." "பரவால்லம்மா, நான் பேசிட்டேன்." பேசவில்லை. அந்தப் பெண் என்னை ஒரு கணம் பார்த்தாள், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கும், கண்ணில் சந்தேகம் வந்ததும் தெரிந்தது, வாடிக்கையாளர் என்பதால் அதை உள்ளே இழுத்துக்கொண்டதும் தெரிந்தது. பில் அடித்து வந்தபோது அதில் மாடல் நம்பருக்குப் பக்கத்தில் பேனாவால் ஏதோ எழுதி, "இங்க ஒரு கையெழுத்து சார், பாத்து வாங்கிக்கிட்டேன்னு" என்றாள். போட்டேன். சங்கரலிங்கம். அலுவலகத்தில் எல்லைக்கோடு சரிபார்த்து நான் போடுகிற அதே கையெழுத்து. வெளியே வந்தபோது வெயில் முகத்தில் அறைந்தது. ஒரு வெற்றி மாதிரிதான் இருந்தது, சத்தியமாக, பத்து அடி வரைக்கும். பத்தாவது அடியில் ஒரு வருஷத்துக்கு முந்தின மத்தியானம் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. என் போன் ரொம்ப மெதுவாகிவிட்டது என்று மங்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அதை மாற்றித் தந்தாள். திறந்தால் ஆறே ஆறு படம், பெரிய எழுத்து, நில அளவை கணக்குப் போடுவதற்கென்று தனியாக ஒன்று அவளே எழுதியது. சார்ஜ் இரண்டு நாள் நின்றது. ஆபீசில் ஜூனியர் ஒருவன் கையில் வாங்கிப் பார்த்து அசந்துபோய் "யார் சார் பண்ணிக் குடுத்தது?" என்றான். "கடையில குடுத்தேன்" என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. என் மனைவி என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் டெரன்ஸ் குழுவில் நானூறு பேர் முன்னால் "மேடம் செய்தது" என்று போடுவான். அவன் பெருமையாகச் சொல்வதை நான் மறைத்தேன், மறைத்துவிட்டு அவன் சொல்கிறானே என்று வயிறெரிந்தேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். திரும்பிப் போய் மாற்றலாம், இன்னும் உடைக்கவில்லை, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எதிர்ப்பக்கம் பஸ் பிடித்தால் நாலு மணிக்குள் போய்விடலாம். முருகன்குறிச்சியில் இறங்கலாம் என்று நினைத்தேன், முருகன்குறிச்சி போனது. முன் சீட்டில் ஒரு அம்மா போனில் யாருடைய வளைகாப்பையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒருவன் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே வந்தான், தள்ளிக்கொண்டே. பஸ் முழுக்க எல்லோரும் வேறு எங்கோ இருந்தார்கள், நான் மட்டும் பஸ்ஸில் இருந்தேன். மங்கையும் இப்படித் தள்ளுகிறவளாக இருந்திருந்தால் எனக்குக் கவலையே இருந்திருக்காது. அவள் எதையோ கட்டுகிறாள், அதுதான் என்னைக் குடைகிறது. நான் அடுத்தவன் நிலத்தைக் கோடு பிசகாமல் வரைகிறேன், பதினெட்டு வருஷமாக, அதில் என்னுடையது என்று ஒரு வளைவுகூட இல்லை. அவளிடம் இது முதன்முதலில் பிடித்த சமயத்தில், நாலு வருஷத்துக்கு முன்னால், போனை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். "ஏங்க இங்க பாருங்களேன், எழும்பிருச்சு, எழும்பிருச்சு!" நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "இதுல என்ன சம்பாத்தியம்?" என்று கேட்டேன். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டேன். அவள் "சம்பாத்தியம் ஒண்ணும் இல்ல" என்றாள், அவளும் சாதாரணமாகத்தான் சொன்னாள், திரும்பிப் போய்விட்டாள். அதற்குப் பிறகும் வந்தாள். எத்தனை தடவை வந்தாள் என்று எண்ண முயன்றேன். ஒருமுறை அவள் விளக்கிக்கொண்டிருக்கும்போதே நான் தூங்கிவிட்டேன். இன்னொரு முறை டிவி சத்தத்தைக் கூட்டினேன். எந்தத் தடவை கடைசி என்று தெரியவில்லை, கடைசி என்று அப்போது தெரிந்திருந்தால் டிவியை அணைத்திருப்பேன். இனி அணைக்கலாம். இந்த எல் போனில் நோண்ட ஒன்றும் இருக்காது, சாயங்காலம் சும்மா உட்கார்ந்திருப்பாள், நானும் உட்கார்ந்திருப்பேன், ஏதாவது பேசுவோம். என்ன பேசுவோம் என்று யோசித்துப் பார்த்தேன். பெருமாள்புரம் வந்துவிட்டது.

ஐந்தரைக்கு அவள் வந்தாள். முந்தானையில் சாக்பீஸ் தூள், கையில் வினாத்தாள் கட்டு. மேஜை மேல் பெட்டியைப் பார்த்ததும் கட்டை அப்படியே நாற்காலியில் போட்டாள். "வந்துருச்சா!" நேராகப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, காய்கிறவரை இரண்டு கையையும் அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், போன் கையில வந்த பிறகு சொல்லணும்னு வச்சிருந்தேன்" என்றாள். "என்ன?" "இந்த மாடலுக்கு என்னையப் பொறுப்பாளரா போடுறாங்க. அந்த ரோம் செய்றாங்கல்ல, பெரிய குழு, வெளிநாட்டுக்காரங்கல்லாம் இருக்காங்க, அதுல. இந்தப் போனுக்கு உலகத்துல யாரு இறக்குனாலும் செஞ்சது யாருன்னு ஒரு பக்கம் வரும், அதுல என் பேரு வரும். மங்கையர்க்கரசின்னு முழுசா போடச் சொல்லியிருக்கேன். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள போன் என் கையில இருக்கான்னு காட்டணும், அவ்வளவுதான் பாக்கி." அவள் இவ்வளவு பேசி நான் கேட்டு எவ்வளவோ நாளாகிறது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், பயந்திருக்க வேண்டும், பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். என் வாய் கேட்டது, "டெரன்சுக்குத் தெரியுமா?" "அவருக்குத் தெரியாம எப்படி? அவர்தானே என் பேரச் சொன்னதே." அதற்குள் அவள் நகத்தால் சீலைக் கிழித்துவிட்டாள். அந்தச் சின்ன சத்தம், பிளாஸ்டிக் விரிகிற சத்தம். எழுத்தை அவள் பார்க்கவே இல்லை. நான் பார்த்து வாங்கியிருப்பேன் என்று அவள் பார்க்கவில்லை.

போனை ஆன் செய்து, உள்ளே எங்கெங்கோ போய், ஒரு இடத்தில் ஏழு தடவை தட்டினாள், இன்னொரு இடத்துக்குப் போனாள், நின்றாள். மறுபடி முதலிலிருந்து போனாள். பிறகுதான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். "எல்லு" என்றாள். அவ்வளவு மெதுவாக. நான் சுவரில் நாள்காட்டியைப் பார்த்தேன். "மாத்திக் குடுத்துட்டா அந்தப் பொண்ணு. நாலு தடவ சொன்னேன். உங்க போனக் குடுங்க." குடுத்தேன். பில்லைக்கூடப் பார்க்கவில்லை, மேலே அச்சடித்திருந்த எண்ணை மட்டும் பார்த்து அழுத்தினாள், ஸ்பீக்கரைப் போட்டாள். "ஏம்மா, படிச்சுப் படிச்சு சொன்னேனே, உனக்கு எழுத்துகூடவா தெரியாது? உங்க மேனேஜரக் கூப்பிடு மொதல்ல" என்று வகுப்பில் சத்தம் போடுகிற குரலில் ஆரம்பித்தாள். நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். மங்கை, நிறுத்து, அவ மேல தப்பில்ல என்று ஒரு வரி. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் செல்வராணியின் குரல் வந்துவிட்டது, அழுகை முட்டுகிற குரல். "மேடம், நான் எஃப்ப எடுத்துக் கையிலேயே குடுத்தேன் மேடம். சார்தான் எல்லு போதும்னாங்க. மேடம்கிட்ட கேளுங்கன்னேன், பேசிட்டேன்னாங்க. பில்லுல பாருங்க, எல்லுன்னு எழுதி சார்கிட்ட கையெழுத்து வாங்கியிருக்கேன். மேனேஜர்கிட்ட சொல்லாதீங்க மேடம்." மங்கை பில்லை எடுத்தாள். பார்த்தாள். பத்தாம் வகுப்பு விடைத்தாளில் காப்பியடித்த இடத்தைக் கண்டுபிடிக்கிறபோது பார்ப்பாளே, அப்படி நிதானமாக. "மன்னிச்சுக்கம்மா" என்றாள் போனில், "உன் மேல ஒரு தப்பும் இல்ல, நான்தான் தெரியாம கத்திட்டேன்." வைத்தாள். அவள் கேட்டாள், "தெரிஞ்சேவா?" "ஆமா." "ஏன்?" கேமரா என்று சொல்ல வாயைத் திறந்தேன், வாய் வேறு சொல்லிற்று. "டெரன்ஸ்." ஒரு பெயர், அதுவும் அடுத்தவன் பெயர், பதினாலு வருஷத்துக்கு விளக்கமாக அதுதான் வந்தது.

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேனா, அறைவாள் என்று எதிர்பார்த்தேனா. நாற்காலியில் கிடந்த வினாத்தாள் கட்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "டெரன்ஸ் இல்லன்னா இன்னொருத்தர் இருந்திருப்பாரு" என்றாள். "ஒவ்வொரு தடவையும் மொதல்ல உங்ககிட்டதான் வந்தேன். நீங்க கேட்டிருந்தா நான் யாரையும் தேடியிருக்கப் போறதில்ல." குரல் உயரவே இல்லை. "சந்தேகப்பட்டீங்களா?" "இல்ல" என்றேன். அது உண்மைதான், சந்தேகமாக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும், கேட்டுத் தீர்த்திருக்கலாம். "அப்புறம்?" "அவர்கிட்ட பேசுறப்ப நீ சந்தோஷமா இருக்க." நான் தலையைக் குனிந்துகொண்டேன், டைல்ஸில் ஒரு எறும்பு சீல் பிளாஸ்டிக்கைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. "திங்கட்கிழமை என் சம்பளத்துல எஃப் வாங்கிரலாம்" என்றேன். "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ளன்னு சொன்னேன்லா." "காலையில கடை திறந்ததும் போவோம்." "அந்த ஒண்ணுதான் இருந்துச்சு. நாலு மணிக்கு மேல வேற ஆளுக்குக் குடுத்திருப்பாங்க, அதுக்குத்தான் உங்கள அனுப்பினேன்." பிறகு என் போனை மறுபடி எடுத்தாள். பத்து எண்ணையும் பார்க்காமல், யோசிக்காமல் அழுத்தினாள். அந்த நிலைமையிலும் எனக்குள் ஒன்று கேட்டது, என் எண் இவளுக்கு இப்படி மனப்பாடமா. ஸ்பீக்கரைப் போட்டு மேஜை நடுவில் வைத்தாள், எனக்கும் அவளுக்கும் நடுவில்.

முதன்முதலாக அவன் குரலைக் கேட்டேன். இரண்டு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்த குரல் வேறு, மழுமழுவென்று, வானொலியில் செய்தி வாசிக்கிறவன் குரல். இது ஜலதோஷம் பிடித்த சாதாரணக் குரல். பின்னால் குக்கர் விசிலடித்தது, ஒரு குழந்தை எதற்கோ அடம்பிடித்தது. "சொல்லுங்க மேடம், வந்துருச்சா? திறந்தாச்சா?" என்றான். அவ்வளவு ஆவலாக. மங்கை என்னைப் பார்க்காமல் சொன்னாள், "இல்ல டெரன்ஸ், எல்லு வந்துருச்சு. கடையில தப்பா மாத்திக் குடுத்துட்டாங்க, நானும் பாக்காம சீல உடைச்சிட்டேன்." எனக்காகப் பொய் சொல்கிறாள். அவனிடம், எனக்காக. இரண்டு வருஷமாக நான் வேண்டியது இதுதானே, அவளும் நானும் ஒரு பக்கம், அவன் இன்னொரு பக்கம். கிடைத்துவிட்டது. நெஞ்சுக்குள் ஒன்றும் அசையவில்லை. "அச்சச்சோ" என்றான் அவன், உண்மையாகவே வருத்தப்பட்டான், கடைக்காரர்களைத் திட்டினான், வேறு ஊரில் எஃப் கிடைக்குமா என்று அவனே யோசித்தான், நாளைக்குள் முடியாது என்று அவனே சொன்னான். பிறகு தயங்கினான். "மேடம், தப்பா நினைக்காதீங்க. நாளைக்குப் பேர் குடுக்கலன்னா அந்த மெக்சிகோக்காரருக்குக் குடுத்துருவாங்க. என் கையில எஃப் இருக்கு. நம்ம வேலை நம்மகிட்டயே இருக்கட்டும், இப்போதைக்கு என் பேரப் போட்டுக்கிடவா?" மங்கை ஒரு விரலால் மேஜையின் ஓரத்தைத் தேய்த்தாள். "போட்டுக்கோங்க" என்றாள். "தமிழ் எழுத்து வேல முழுக்க மேடம் செஞ்சதுன்னு கீழ போட்டுருதேன்." "சரி." "ரொம்ப தாங்க்ஸ் மேடம்." அவன் குரலில், அவனுக்கே தெரியாமல், ஒரு சின்னத் துள்ளல் ஏறிவிட்டது. அவன் அதை மறைக்கப் பார்த்தான், முடியவில்லை, யாருக்குத்தான் முடியும், வைப்பதற்கு முன்னால் பக்கத்தில் யாரிடமோ "ஏய், எனக்குக் கிடைச்சிருச்சு" என்று சொன்னது எங்களுக்குக் கேட்டது. குழந்தை அடம்பிடிப்பதை நிறுத்தியிருந்தது. இணைப்பு அறுந்தது. மங்கை திரையைப் பார்த்தபடியே இருந்தாள். உதடு இறுகி, மூக்கின் இரண்டு பக்கமும் லேசாக வெளுத்து, கண் எங்கேயோ தூத்துக்குடியில் ஒரு வீட்டில், குக்கர் வைத்திருக்கிற ஒரு சமையலறையில், கையில் போனோடு சிரித்துக்கொண்டு நிற்கிற ஒருவன் மேல் இருந்தது. நல்ல மனுஷன், நண்பன், அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை, அதனாலேயே அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எனக்கு அந்த முகத்தை நன்றாகத் தெரியும். இரண்டு வருஷமாகக் காலையில் ஷேவ் செய்யும்போது கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேறு எதையும் நான் அவளோடு பகிர்ந்துகொள்ளவில்லை, இதை மட்டும் கொடுத்துவிட்டேன். "மங்கை" என்றேன். "அந்த ரோம் எப்படிச் செய்வாங்கன்னு எனக்குச் சொல்லுதியா" என்று கேட்டேன். அவள் மேஜையை விட்டு எழுந்து, கீழே கிடந்த வினாத்தாள் கட்டை எடுத்துப் பிரித்து, சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினாள். "இப்ப வேண்டாம்" என்றாள்.